பட்டன் தேயாத நாலு டயர்

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் வெங்கட்ராமன் சார் வீட்டில் அடை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமி என்னிடம் சொன்னார்:

"முப்பத்தஞ்சு வருஷம் ஆபீஸ்ல ஒவ்வொரு பேப்பரையும் மூணு தடவை பார்த்துக் கையெழுத்துப் போட்டவர். நாலு டயரைப் பார்க்கத் தெரியலை பாருங்கோ."

சார் அவியலில் இருந்த முருங்கைக்காயை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். நான் இன்னொரு அடை போட்டுக்கொண்டேன்.

அந்த அடை எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. அதனால்தான் இந்த வாரம் இது.

வெங்கட் சாரை உங்களுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் எல்லோரையும்விட இந்தப் பத்தியை அவருக்கு நன்றாகத் தெரியும். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பேப்பர் வரும். ஏழே காலுக்கு எனக்குப் போன் வரும். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். எங்கெங்கே தப்பு விட்டிருக்கிறேன் என்று பொறுமையாகச் சொல்வார். அப்படித்தான் பழக்கம்.

ரிடையர் ஆனதும் மனிதர் ஒரு காரியம் செய்தார். ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். சிவப்பு. இரண்டே சீட். துணிக்கூரை. பன்னிரண்டு வயது வண்டி. முதல் சொந்தக்காரர் அதை உறை போட்டு மூடியே வைத்திருந்தார். எதற்கு சார் இந்த வயதில் என்று கேட்டேன்.

"இத்தனை வருஷமா மத்தவா ஓட்டின வண்டியிலேயே நின்னுண்டு போயாச்சு ஓய்."

லோக்கல் டிரெயினைச் சொல்கிறார்.

ஆனால் பம்பாயில் கார் வாங்குவதா பெரிது? நிறுத்த இடம் வேண்டாமா? அவர்கள் பில்டிங்கில் வீட்டுக்கு ஒரு பார்க்கிங். அதில் குடும்பக் கார் நிற்கிறது. மேல்மாடிக்காரர் மஸ்கட்டில் இருந்ததால் அவருடைய இடம் காலி. அவர் திரும்பும்வரை சிவப்பு கார் அங்கே நிற்கலாம். வந்ததும் விற்றுவிட வேண்டும். இது மாமியோடு ஒப்பந்தம். மாமி ஒப்பந்தத்தில் திருத்தம் கிடையாது.

மேல்மாடிக்காரர் தீபாவளிக்குப் பிறகு வருவதாகச் செய்தி அனுப்பினார். அதற்குள் சாருக்கு ஒரே ஒரு ஆசை. மலைச்சாலை ஏறி இறங்கினால் ஒரு தனியார் ரேஸ் டிராக் இருக்கிறது. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை புதியவர்களுக்காகத் திறந்துவிடுவார்கள். பந்தயம் இல்லை, பரிசு இல்லை. சொந்தக் காரைக் கொண்டுபோய், பக்கத்தில் ஒரு பயிற்சியாளரை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டலாம். சார் பெயர் கொடுத்துவிட்டார்.

காரைத் தயார் பண்ண என்னைக் கூப்பிட்டார். ஏன் நான்? பதினைந்து வயதில் இந்த ஊருக்கு வந்ததும் என் முதல் வேலை சயானில் ஒரு டயர் ரீட்ரெடிங் கடையில். படுக்கையும் டயர் அடுக்கின் மேல்தான். மழைக்காலத்தில் டயருக்குள் தண்ணீர் தேங்கும், கொசு வரும், இரண்டு முறை மலேரியாவும் வந்தது. பரவாயில்லை, மேலே கூரை இருந்தது. பிறகு லாரி கிளீனர், ஹோட்டல், கல்யாணில் மூட்டை தூக்கியது... எதிலும் நிலைக்கவில்லை. ஆனால் டயர் தெரியும் என்ற நினைப்பு மட்டும் நிலைத்துவிட்டது.

தாராவியில் தாசனின் கேரேஜுக்கு வண்டியைக் கொண்டுபோனோம். தாசன் திருநெல்வேலிப் பக்கம். தரையோடு படுத்திருந்த காரைச் சுற்றி வந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, இதுல ஏறி உக்காருததா, செருப்பு மாதிரி கால்ல மாட்டிக்கிடுததா?"

மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை. நான் என்ஜினில் கை வைக்கலாம், சைலன்சர் சத்தத்தைக் கூட்டலாம் என்றேன். சார் ஒப்புக்கொள்ளவில்லை. வண்டி ஓடக் கற்றுக்கொண்டுவிட்டது, முதலில் நிற்கக் கற்றுக்கொள்ளட்டும் என்றார். பழைய பிரேக் ஆயிலை முழுக்க வடித்து, அதிக சூடு தாங்குகிற ஆயில் ஊற்றினோம். பிரேக் பேட் புதிது. பேட்டரியை அசையாமல் கட்டினோம். உருளக்கூடியது எதுவும் உள்ளே இருக்கக் கூடாதாம் — ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி எல்லாம் வெளியே. டேஷ்போர்டில் இருந்த பிள்ளையாரையும் மாமி பூஜை அறைக்கு அழைத்துப்போய்விட்டார்.

சாரின் லிஸ்டில் கடைசி வரி: 'டயர்?'

செம்பூரில் ஒரு கடையில் முன்பே விசாரித்திருந்தார். அந்த சைஸ் கையிருப்பில் இல்லை, சொன்னால் பத்து நாளில் வரும். மாற்றிவிடலாமா என்று என்னைக் கேட்டார்.

நான் குனிந்தேன். விரலை விட்டுப் பார்த்தேன். தரையில் படுகிற ரப்பர் கட்டைகள், எங்கள் பாஷையில் பட்டன், நேற்றுப் போட்ட மாதிரி நின்றன. இதையா கழற்றிப் போடுவது? நாங்கள் நூல் தெரிகிற டயருக்கே மறுபடி ரப்பர் ஒட்டி ஓட விட்டவர்கள்.

"சார், இதைக் கழட்டினா பாவம்."

தாசன் தலையைச் சொறிந்தான். பக்கவாட்டில் லேசாக வெடிப்பு தெரிகிறதே என்றான். நீ பிறப்பதற்கு முன்பே நான் டயர் மேல் தூங்கினவன் என்றேன். சார் அந்த வரியை அடித்துவிட்டார்.

டிராக் திறக்கிற ஞாயிறு விடிந்ததும் கிளம்பினோம். டிராக் வாசலில் சோதனை. ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும். பிரேக் பார்த்தாள், பெல்ட் பார்த்தாள், சாரின் புது ஹெல்மெட்டைப் பார்த்தாள். இவ்வளவு ஒழுங்காக யாரும் வருவதில்லை என்று இந்தியில் பாராட்டினாள். சாருக்கு முகமெல்லாம் பல்.

பிறகு டயர் பக்கம் உட்கார்ந்தாள். பட்டனைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் போன் வெளிச்சத்தை அடித்தாள். அங்கே ஒரு சின்ன வட்டத்துக்குள் நாலு எண் — எத்தனையாவது வாரம், எந்த வருடம் செய்தது என்று. நான் ஆயிரம் டயரில் பார்த்த எண். ஃபேக்டரிக் கணக்கு என்று நினைத்திருந்தேன். டயருக்கும் வண்டியின் வயதேதான், பன்னிரண்டு.

கட்டை விரலால் அழுத்திக் காட்டினாள். முடி முடியாக வெடிப்பு. ஓடாமல் நின்றாலும் ரப்பர் இறுகிவிடும், வேகத்தில் திரும்பும்போது தரையைப் பிடிக்காது, உள்ளே விட முடியாது என்று மரியாதையாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"டயரை யார் அங்கிள் செக் பண்ணது?"

வெங்கட் சார் என் பக்கம் திரும்பவில்லை. "நான்தான்" என்றார். "என் வண்டி. நான்தானே பார்த்திருக்கணும்."

என் கையில் அரை கிளாஸ் கட்டிங் சாய் இருந்தது. அதைக் குடித்து முடிக்கிற அளவு நேரமும் இருந்தது. நான் குடித்து முடித்தேன்.

அங்கே யாரிடமும் அந்த சைஸ் டயர் இல்லை. அடுத்த முறை திறக்க மாதங்கள் ஆகும். அதற்குள் மேல்மாடிக்காரர் வந்துவிடுவார். அவ்வளவுதான். பரிதாபப்பட்டு, தங்கள் காரில் பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று ரவுண்ட் வரலாம் என்றார்கள். ஒரு ஆளுக்கு மட்டும்.

"நீர் போயிட்டு வாரும் ஓய். எழுத உபயோகப்படும்."

நான் மறுத்திருக்க வேண்டாமா? போனேன். சந்தோஷமாகப் போனேன். செருப்போடு ஏறக் கூடாது என்றார்கள். சார் தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்தார். தன் புது ஹெல்மெட்டை என் தலையில் மாட்டி, வாரை அவரே இழுத்துக் கட்டினார்.

திரும்பி வந்தபோது என் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு குட்டைச் சுவர் மேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதமாக டிராக் படத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து ஸ்பூனை ஓட்டிப் பழகியவர். ஒரே கேள்விதான் கேட்டார்.

"மூணாவது வளைவுல பிரேக்கை எங்க பிடிச்சான்?"

வெள்ளைப் பலகை தாண்டி என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். வலது கை மட்டும் மெதுவாகத் திரும்பியது.

வீட்டுக்கு வந்து மாமியிடமும் அதே 'நான்தான்' சொன்னார்.

பத்து நாளில் செம்பூரிலிருந்து டயர் வந்தது. ஆமாம், வாங்கினார். புது டயர் போட்டுத்தான் பாண்டுப்பில் ஒருவருக்குக் காரை விற்றார். வாங்குகிறவன் பத்திரமாக ஓட்ட வேண்டாமா என்றார். இப்போது அந்த இடத்தில் மேல்மாடிக்காரரின் சாம்பல் நிறக் கார் நிற்கிறது.

இல்லாமையில் வளர்ந்தவனுக்குத் தேய்ந்ததைக் கண்டால் தெரியும். தேயாமலே கெட்டுப்போவது கண்ணில் படாது. டயர் விஷயத்தில் என்னை இப்படிச் சொல்லி மன்னித்துக்கொள்ளலாம். வாசலில் வாயைத் திறக்காமல் நின்றதற்கு? போன ஞாயிறு அடை தின்றதற்கு? அதற்கு இல்லாமை என்ன செய்யும்... அது நான்தான்.

நீங்கள் இதை வாசிக்கிற இந்தக் காலையிலும் ஏழே காலுக்குப் போன் வரும். என்ன தப்பு என்று சொல்ல வருவார். இந்த முறை நானே சொல்லிவிட்டேன்.

சார், போனை அப்புறம் பண்ணலாம். முதலில் பேப்பரை மாமியிடம் கொடுங்கள்.