ஆல்ரெடி மாஸ்டர்

“சூன்… சூன்… நவ்… ஆல்ரெடி!”

கடைசிச் சொல்லோடு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் கால் தன் பக்கத்துப் பிரேக்கில் இறங்கிவிடும். கார் குலுங்கி நிற்கும். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்குக்கு ஒரு கும்பிடு போட்டு நிமிர்வார். ‘சூன்’ என்றால் சீக்கிரமே பிரேக் வேண்டிவரும், ‘நவ்’ என்றால் இப்போதே, ‘ஆல்ரெடி’ என்றால் நீ கோட்டைவிட்டாய், நானே போட்டாயிற்று. இரண்டு மாதமாக நான் அவருடைய மாணவன். என் காதில் அதிகம் விழுந்தது மூன்றாவதுதான்.

ஏன் மாஸ்டர் இங்கிலீஷ் என்று ஒருநாள் கேட்டேன். “தமிழ்ல ‘கொஞ்ச நேரத்துல பிரேக் போட வேண்டியிருக்கும்’னு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, வண்டி மருந்துக்கடைக்குள்ள பூந்து மாத்திரை வாங்கிட்டு நிக்கும் சார்!”

ஒல்லி உடம்பு, தேய்த்த சட்டை, எந்நேரமும் மெல்லும் ஏலக்காய். சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. வீட்டுக்கு நடந்துதான் போவார். காலி ரோட்டைக் கடக்கவும் மூன்று முறை இருபுறமும் பார்ப்பார். இவ்வளவு பயமா என்றால், “இந்த ஊர்ல பாதிப் பேருக்கு ஓட்டக் கத்துக்கொடுத்தது நான். எனக்குத் தெரியாதா அவங்க லட்சணம்?” என்பார்.

அப்படிப்பட்டவருக்கு வந்தது சோதனை. வெளிநாட்டார் நிறையப் பேர் ஓட்டக் கற்க வருகிறார்களாம். இனி மாஸ்டர்கள் ஒற்றைச் சொல்லில் கத்தக்கூடாது, முழு இங்கிலீஷ் வாக்கியத்தில் சொல்ல வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டுவிட்டார். பரீட்சை வைக்க ஒரு அம்மா வருவார். தோற்றவருக்குக் கார் கழுவும் கொட்டகை.

“பத்தொம்பது வருஷமா காலை வச்சுப் பொழைக்கிறேன். இப்ப நாக்கை வச்சுப் பரீட்சையாம்!” என்று பொருமினார். பாவமாக இருந்தது. ஆனாலும் மனிதர் அசரவில்லை. ஒரு நோட்டு வாங்கினார். ‘யூ ஆர் ஸ்டில் இன் செகண்ட் கியர்.’ ‘யூ நெவர் லுக் அட் தி மிர்ரர்.’ பக்கம் பக்கமாக எழுதினார். வீட்டில் மனைவிதான் அகப்பட்டார்.

“யூ ஹேவ் நாட் யெட் மேட் டீ.”

“ஆல்ரெடி போட்டு, ஆல்ரெடி ஆறியும் போச்சு. மூடிட்டுக் குடிங்க!”

இதை மாஸ்டரே என்னிடம் சொல்லி, “பாருங்க சார், அவ பாஸ்” என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

பரீட்சையன்று ஓட்டியது நான். என்னைவிட மோசமான ஆள் கிடைக்கவில்லை போலும். பின்சீட்டில் அந்த அம்மா, மடியில் மதிப்பெண் தாள். மாஸ்டர் தலையை இரண்டு தடவை வாரியிருந்தார். முதல் தெருவில், “யூ ஆர் ஆல்வேஸ் டூ க்ளோஸ் டு தி லெஃப்ட்” என்றார். அம்மா தாளில் டிக் அடித்தார். எனக்கே பெருமை தாங்கவில்லை. அடுத்தது என்ன சொல்வாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு ரோட்டை மறந்தேன்.

முன்னால் ஒரு குப்பை லாரி நின்றிருந்தது. அலறுவார் என்று பார்த்தால், மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிதானமாக ஆரம்பித்தார். “யூ ஹேவ்… நாட் யெட்… சீன் தி…”

லாரியின் நம்பர் தெரிந்தது. நம்பர் பலகையின் துருவும் தெரிந்தது. டமாரென்று மாஸ்டரின் பிரேக் விழுந்தது. கார் அணைந்து நின்றது. லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம்.

“…லாரி” என்று மெல்லிய குரலில் முடித்தார் மாஸ்டர்.

பறந்து வந்து டாஷ்போர்டில் விழுந்த தாளை எடுத்துத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் நீட்டினார். அம்மா அதை வாங்கி இன்னொரு டிக் அடித்தார்.

“வாக்கியமும் சரி, காலும் சரி. பாஸ் போடறேன். ஆனா ஐயா, ரெண்டையும் ஒண்ணா வச்சுக்காதீங்க. ஆபத்துன்னா பழையபடி கத்திடுங்க. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

“தேங்க் யூ மேடம்” என்றார் மாஸ்டர். முகமெல்லாம் சிரிப்பு.

நான் வண்டியைக் கிளப்பினேன். அணைந்தது. மறுபடி கிளப்பினேன், மறுபடியும் அணைந்தது. என்ன கோளாறு என்று குனிந்து பார்த்தேன். சிரித்தபடியே உட்கார்ந்திருந்த மாஸ்டரின் கால், வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு, பிரேக்கை அடிவரை அமுக்கிப் பிடித்திருந்தது.