பல்லவிக்கு ஏறிய முத்திரை

1. சரணம் போன கதை

தன் பாட்டை முழுசாகப் பாடுவார்கள் என்று நம்பி யாரும் கீர்த்தனை கட்ட வராதீர்கள். நான் அப்படி நம்பித்தான் ஓசூரிலிருந்து சென்னைக்குப் பஸ் ஏறினேன். பட்டுப்புடவை வேறு!

இன்று என் பாட்டு இல்லாத கச்சேரி சீசன் இல்லை என்கிறார்கள். சந்தோஷம். அன்று நான் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு மெஷின் ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷிப்டுக்கு முன்னும் பின்னும் பாட்டுக் கட்டுவேன். பாட்டின் கடைசியில், சரணத்தில், ஆக்கியவர் தன் முத்திரையை வைப்பது வழக்கம். என் முத்திரை ‘ஓசூர்மலை’, எங்கள் ஊர்ச் சிவன் கோயில் இருக்கும் மலை. அந்த ஒரு சொல்தான் இது என்னுடையது என்று சொல்லும்.

சென்னைக் கச்சேரியில் பாடியவர் பெரிய பாடகி. பேர் சொல்ல மாட்டேன், இன்னும் என் பாட்டுகளைப் பாடுகிறவர். என் பேகடா ராகக் கீர்த்தனையை எடுத்தார். பல்லவி, அனுபல்லவி, ஆஹா! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து சரணம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், பாட்டை முடித்துவிட்டார். முத்திரையும் சரணத்தோடு போயிற்று.

பக்கத்து சீட்டுப் பெரியவர் தலையை ஆட்டினார். “பழைய பாட்டும்மா. இப்ப யாரு இப்படிக் கட்டுறா?”

“நான்தாங்க கட்டினேன்” என்றேன்.

அவர் நான் ஏதோ ஜோக் அடித்த மாதிரி சிரித்தார்.

மேடைக்குப் பின்னால் போய்ப் பாடகியிடம் கேட்டேன்.

“டைம் இல்ல மேடம். மிருதங்கத் தனி ஆவர்த்தனத்துக்கு விடணுமில்லையா? சரணத்தை விட்டுட்டேன். எல்லாரும் பழைய பாட்டுன்னு நெனச்சாங்களே, அதைவிடப் பெருமை என்ன வேணும்?”

“பெருமை யாருக்குங்க? எப்பவோ செத்துப்போன யாரோ ஒருத்தருக்கா?”

அவர் சங்கடமாகச் சிரித்தார். பெங்களூர்க் கச்சேரிக்கு இன்னொரு பாட்டு வேண்டும் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைய கச்சேரி ரெக்கார்டிங் பிறகு பரவி, அதைக் கேட்டுப் பாடம் பண்ணியவர்களும் சரணம் இல்லாமலே பாடத் தொடங்கினார்கள். ‘இயற்றியவர் தெரியவில்லை’ என்று போட்டார்கள். பெற்ற பிள்ளையை வேறு வீட்டில் பார்த்த மாதிரி இருந்தது.

2. நாகராஜ் சார் போட்ட சத்தம்

சென்னைக் கச்சேரி நடந்த வாரமே ஷாப்பில் ஒரு லாட் வார்ப்புப் பாகங்கள் என் மேசைக்கு வந்தன. எதிலும் நம்பர் இல்லை. எந்த உலையின் உருக்கு என்று காட்டும் நம்பர் ஒவ்வொன்றிலும் பஞ்ச் அடித்திருக்க வேண்டும். மொத்தத்தையும் ரிஜெக்ட் செய்தேன். சூப்பர்வைசர் நாகராஜ் சார் பஞ்ச் அடிக்கும் சலீமைக் கூப்பிட்டார். நாகராஜ் சார் வீட்டில் கன்னடம். கோபம் வந்தால் கன்னடமும் தமிழும் கலந்து வரும்.

“ஏனப்பா சலீமு இது! மில்லிங்ல சீவற முகத்துல போயி நம்பர அடிச்சா எப்படிப்பா நிக்கும்? கட்டர் போகாத எடத்துல அடி!”

“அங்க எடம் கொஞ்சூண்டு இருக்குது சார். அடிக்கறது கஷ்டம்.”

“கஷ்டந்தான். கஷ்டப்பட்டு அடி!”

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டேன்.

“என்னாம்மா, உனக்குச் சிரிப்பா இருக்குதா?”

“இல்ல சார், என் பாட்டுக்கும் இதே ரிஜெக்‌ஷன்தான்.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நேரம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது சரணம். நான் அங்கே கொண்டுபோய்ப் பேரை வைத்திருக்கிறேன்!

3. கட்டர் போகாத இடம்

ஒரு பாட்டில் யாரும் வெட்ட முடியாத இடம் பல்லவியின் முதல் சொல். ஒவ்வொரு சுற்றிலும் அங்கேதான் திரும்பி வர வேண்டும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் முத்திரையைச் சரணத்தில் வைத்தார்கள் என்றால், அவர்களுக்குச் சீடர்கள் இருந்தார்கள், பார்த்துக்கொண்டார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள்?

பல்லவியையே ‘ஓசூர்மலை ஐயா, இறங்கி வாராயோ’ என்று காம்போதி ராகத்தில் எடுத்தேன். சும்மா முன்னால் கொண்டுவந்து ஒட்டினால் நிற்காது, சொல்லுக்கும் மெட்டுக்கும் பிடிப்பு வேண்டும். ‘ஓ’ நெடில், அடுத்து ‘சூ’ நெடில். இரண்டிலும் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்குத் தாராளமாக இடம் விட்டேன். ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலுக்கும் அந்த வரிதான் தோது என்று ஆகும்வரை விடவில்லை.

பாடகியிடமிருந்து போன் வந்தது. “பிரமாதம் மேடம். ஒரே ஒரு சின்ன விஷயம். ஓசூர்னா ஆடியன்ஸுக்கு பஸ் ஸ்டாண்டும் பேக்டரியுந்தான் ஞாபகம் வரும். ‘கயிலைமலை’ன்னு மாத்திக்கட்டுமா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன். “தாராளமா மாத்திப் பாடிப் பாருங்க.”

போனிலேயே பாடிப் பார்த்தார். ‘க’ குறில், நீட்டினால் அசிங்கமாக இருந்தது. வேறு இரண்டு மலைகளையும் முயன்றார். ஒன்று நீளவில்லை, இன்னொன்று தாளத்தில் தட்டியது.

“வேற வார்த்தை உக்கார மாட்டேங்குதே மேடம்.”

“உக்காராதுங்க. அப்படித்தான் கட்டியிருக்கேன்.”

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பெங்களூரில் அந்த வரியை எடுத்து அவர் செய்த நிரவல் இருக்கிறதே, அதற்குக் கோடி கும்பிடு. மேலே, கீழே, மேலும் மேலே, எங்கே போனாலும் ‘ஓசூர்மலை’ என்றுதான் இறங்கினார். கடைசி வரிசையில் நம் ஊர்க்காரர்கள் சிலர் விசிலே அடித்துவிட்டார்கள். கர்நாடக சங்கீதக் கச்சேரியில் விசில்!

பாட்டு கட்ட வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அடக்கம் உங்கள் குணத்தில் இருக்கட்டும், மெட்டில் வேண்டாம். உங்கள் பேரை அலங்காரத்துக்கு வைக்காதீர்கள், அதன்மேல் பாட்டை நிற்க வையுங்கள். அந்த பேகடா பாட்டு இன்றைக்கும் பேர் இல்லாமல்தான் சுற்றுகிறது. எனக்கு அது ஆறவே இல்லை.

பெங்களூரில் அன்றும் நேரம் போதவில்லை. பாடகி சரணத்தை வெட்டிவிட்டார். வெட்டட்டும் என்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.