தொரை நாற்காலி போட்ட நாள்

ஓ.எல். பரீட்சையோடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். பேசுவதைப் பற்றி நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். மன்னித்துவிடுங்கள்.

கெம்பஸில் படிக்கும் என் மகளுக்கு, நாளைக்குத் தலைவர்களாக வரப்போகிறவர்கள் மற்றவர்களோடு எப்படிப் பழக வேண்டும் என்று ஒரு பாடம் உண்டு. லீவுக்கு வந்தவளிடம், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களில் குடியிருக்கும் லயத்துச் சனம், "நீதாம்மா எங்களுக்காகத் தொரைகிட்ட பேசணும்" என்றது. விடாத மழையில் லயத்துக்குப் பின்னால் மண்மேடு வெடிப்பு விட்டிருந்தது, எப்போது சரியுமோ தெரியாது. கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் முன்பு குழந்தைகளை விட்டுச்சென்ற பழைய பிள்ளைக்காம்பரா மூடித்தான் கிடக்கிறது. மழை ஓயும்வரை அங்கே படுத்துக்கொள்ளத் தோட்டத்தை நடத்தும் தொரை சம்மதிக்க வேண்டும்.

தொரையைப் பார்க்கப் போவதற்கு முதல்நாள் மகள் என்னைத் தொரையாக்கி ஒத்திகை பார்த்தாள்.

"கண்ணப் பாத்துப் பேசணும்மா. அவரு சொல்றத முழுசாக் கேட்டு அவருக்கே திருப்பிச் சொல்லணும். அப்பத்தான் மனசு எறங்கும்னு மிஸ் சொல்லிக் குடுத்தாங்க."

"நீ இப்புடிப் பாத்தா எனக்குச் சிரிப்புத்தான் வருது."

"தொரை சிரிக்கக்கூடாதும்மா!"

"இந்தத் தொரைக்கு அடுப்புல ரொட்டி கருகுது, விடுடி."

எங்கள் தோட்டத்தில் யாரும் ஆபீஸ் வெராண்டாவில் கால் வைப்பதில்லை. கீழே நின்றுதான் சலாம் சொல்வோம். மகளோடு நாங்கள் போன அன்று தொரையே வெளியே வந்து, மகளை மேலே கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார். அவள் பேசியதைக் கண்ணெடுக்காமல் கேட்டார். கடைசியில் கைகொடுத்தார். கீழே நின்ற எங்களுக்குப் பேச்சு கேட்கவில்லை. நாற்காலியைப் பார்த்தோம், கைகொடுத்ததைப் பார்த்தோம். காரியம் முடிந்ததென்று ஓடிப்போய் மூட்டை கட்டத் தொடங்கினோம்.

"மந்திரியம்மா மாதிரில்ல உக்காந்திருந்தா!" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

பின்னால் வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "எதுக்கு மூட்டை கட்டுறீங்க?"

"தொரை சரின்னுட்டாருல்ல?"

"இல்லம்மா. 'ஒங்க பயம் எனக்கு நல்லாப் புரியுது'ன்னாரு. நான் சொன்னத எனக்கே திருப்பிச் சொன்னாரு. மேலிடத்துல பேசிப் பாக்கலாம்னாரு." கட்டிவைத்த ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். "மிஸ் சொல்லிக் குடுத்தத என்னவிட அவரு நல்லாச் செய்யிறாரும்மா. அவரும் எங்கயோ படிச்சிருக்காரு."

யாரும் அவளைத் திட்டவில்லை. முன்பெல்லாம் தொரைமார் கத்தி விரட்டுவார்கள். வெளியே வந்து நாங்களும் ஏசிக்கொள்வோம், ஆத்திரமாவது மிஞ்சும். இவர் மரியாதையாகப் பேசி அனுப்பிவிட்டார். இனி யாரை அனுப்புவது? எங்கள் லயத்தில் படித்தவள் இவள் ஒருத்திதான். மூட்டைகளை அவிழ்த்துப் பாயை விரித்தோம். பின்சுவர்ப் பக்கம் தலைவைக்க யாருக்கும் மனமில்லை.

மறுநாளும் மழை. மகள் ஹட்டன் பஸ்ஸில் ஏறிப் போனாள். நாங்கள் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போனோம்.