எத்தனை அடி தார்ப்பாய்?

தொப்பூர்க் கணவாயில் லாரிகள் நின்று இளைப்பாறும் இடத்தில், புளியமரத்தடியில் கோணூசியும் கையுமாக உட்கார்ந்து கிழிந்த தார்ப்பாய் தைப்பவள் பாஞ்சாலி. சரக்கு நனையாமல் லாரிமேல் போர்த்துவார்களே, அந்தத் தார்ப்பாய்தான். அவள் கை ஓயாது. வாய் இருக்கிறதே, அதற்கு ஓய்வென்ற பேச்சே கிடையாது.

மரத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. டிரைவர்களுக்கு எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை, ஆலோசனை, இலவச ஆணுறை எல்லாம் அங்கேதான். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் கணவன் சின்னராஜுக்கு அந்த நோய் இருப்பது அந்த அறையில்தான் தெரிந்தது. நல்லவேளை, அவளுக்கு இல்லை. இரண்டு பேரும் அழுது தீர்த்துவிட்டு மாத்திரையை ஆரம்பித்தார்கள். இன்றைக்கு ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான், பாலக்கோட்டுத் தக்காளியை ஏற்றிக்கொண்டு பறக்கிறான்.

அதிலிருந்து பாஞ்சாலி அந்த அறைக்குத் தொண்டு செய்கிறாள். ஆரம்பத்தில் அவளிடம் ஒரு படப்புத்தகத்தைக் கொடுத்து விளக்கச் சொன்னார்கள். முதல் பக்கத்தைப் பிரித்ததுமே டிரைவர்கள் டீக்கடைப் பக்கம் நழுவிவிட்டார்கள். அவள் புத்தகத்தை மூடி மணையாகப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். வந்தவனிடம் ஊசியை நீட்டிக் கேட்டாள்: “ஏனுங்கண்ணா, லோடுக்கு மட்டும் தார்ப்பாய் கட்டுனாப் போதுமா? உங்களுக்கு வேணாமா?”

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வாங்கிப்போனார்கள். ஆணுறைக்கு அங்கே தார்ப்பாய் என்றே பெயராகிவிட்டது.

போன மாசிமாதம் சென்னையிலிருந்து சசிகலா என்ற பெண் டேப்லெட்டும் கையுமாக வந்து இறங்கினாள். இத்தனை வருடப் பிரச்சாரத்தால் டிரைவர்கள் திருந்தினார்களா என்று கணக்கெடுப்பு. பயனில்லை என்று தெரிந்தால் அறையை மூடிவிடுவார்களாம்.

சசிகலா நல்ல பெண்தான். ஆனால் படிவத்தில் இருப்பதை ஓர் எழுத்து மாற்றாமல் வாசிக்க வேண்டும் என்பது அவளுக்கு உத்தரவு. ஏரியூர் டிரைவர் மாதேஷை மடக்கி முதல் கேள்வியை வாசித்தாள்.

“கடந்த ஓராண்டில் தங்கள் நடத்தையில் மாற்றம் ஏற்பட்டுள்ளதா?”

மாதேஷின் மீசை துடித்தது. “என் நடத்தைக்கு என்னம்மா கொறைச்சல்? எங்கூர்ல வந்து யாரை வேணா விசாரிச்சுக்கங்க!”

அடுத்தவரிடம், “ஆணுறை குறித்து அறிவீர்களா?”

“ஆணியா? டயர்ல ஏறிடுச்சுங்களா? பஞ்சர் கடை அதோ இருக்குதுங்க.”

விஷயம் புரிந்த இரண்டொருவரும் சின்னப் பெண்ணிடம் இதையெல்லாம் பேசக் கூசி, “தெரியாதுங்க” என்று நழுவினார்கள். மத்தியானத்துக்குள் பதினாலு பேர். பதினாலு பேருக்கும் ஒன்றும் தெரியாது!

பாஞ்சாலிக்குப் பொறுக்கவில்லை. “மேடம், தார்ப்பாய்னு கேட்டுப் பாருங்க. புட்டுப்புட்டு வைப்பாங்க.”

“எழுதியிருக்கிறதைத்தான்க்கா நான் கேக்கணும். நீங்க பக்கத்துல இருந்து எடுத்துக்குடுத்தா அது அவங்க பதிலாகாதே.”

நியாயம்தான். பாஞ்சாலி வாயை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் வாயை மூடிக்கொண்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அறை போய்விட்டால் இன்னொரு சின்னராஜ் எங்கே போவான் என்ற நினைப்பில் ஊசி விரலில் ஏறியது.

அப்போது ஆந்திரா நம்பர் லாரி ஒன்று வந்து நின்றது. இறங்கி வந்த டிரைவரை அவள் பார்த்ததே இல்லை. சசிகலாவைத் தாண்டி நேரே அவளிடம் வந்தான்.

“அக்கா, தார்ப்பாய் இருக்குதா?”

“இருக்குது. எத்தனை அடி?”

அவன் விழித்தான். “அடியா?”

“அளவு சொல்லாம எப்பிடிங்க? கிழிஞ்சதுன்னா கொண்டாங்க, தெச்சுத் தர்றேன்.”

“ஐயோ அக்கா! லாரிக்கு இல்லீங்க, எனக்கு!”

மாதேஷ் குடித்த டீயைத் துப்பிவிட்டான். அந்த இடமே குலுங்கிச் சிரித்தது. பாஞ்சாலி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சசிகலா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “இந்தப் பேரை உங்களுக்கு யாருங்க சொன்னது?”

“நெல்லூர்ல ஒரு டிரைவர் சொன்னான் மேடம். ‘தொப்பூர்ல புளியமரத்துக்கிட்ட கேளு, தார்ப்பாய் இல்லாம எங்கயும் போவாதே’ன்னான். ரத்தமும் பாக்குறாங்களாமே, ரூம் எதுங்க?”

பாஞ்சாலி முந்தானையை விலக்கி, ஊசியாலேயே கதவைக் காட்டினாள். அவன் உள்ளே போனான்.

சசிகலா படிவத்தின் கடைசியில் இருந்த ‘பிற குறிப்புகள்’ கட்டத்தைத் திறந்தாள். ஒரு வரி போதாமல் தட்டிக்கொண்டே இருந்தாள். “இந்த ரூமை மூடச் சொல்லி என் கையால எழுத மாட்டேன்க்கா,” என்றாள்.

மாதேஷ் அந்தக் கூத்தைச் சின்னராஜ் உட்பட வழியில் பார்த்த டிரைவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். சித்திரையில் கடிதம் வந்தது. அறை இருக்கும், கேள்விகளைத்தான் மாற்றப் போகிறார்களாம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் பாஞ்சாலி கடிதத்தைப் படித்துக் காட்டினாள். சின்னராஜ் முழுக்கக் கேட்டான். அவன் கண் கலங்கியது. “தண்ணி கொண்டா, மாத்திரை போடணும்,” என்றான்.

சொம்போடு வந்தாள்.

“எத்தனை அடி?” என்றான் சின்னராஜ். அவள் சொம்புத் தண்ணீரை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தாள்.