உயர்கணிதத்துக்கு என் உபயம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அனலைதீவில் கல்லை உடைத்துக் கிணறு வெட்டினேன். உப்புத்தான் வரும் என்றார்கள். நல்ல தண்ணீர் வந்தது. தெற்கே கடை போட்டேன். கலவரத்தில் எரிந்தது, அதே இடத்தில் திரும்பவும் போட்டேன். ஆட்களே இல்லாத ஊரில் மாடி வீடு கட்டினேன். "மேலை ஆரைக் குடியிருத்தப் போறார்?" என்று சிரித்தார்கள்.

இந்த ஓகஸ்ட் லீவில் உயர்கணிதமும் பாஸ் பண்ணிவிட்டேன்!

சரி... எழுதியது என் மருமகள்தான். ஆனால் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மகனின் மனைவி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பில் கணிதம் எடுக்கிற பிள்ளைகள் எல்லாம் படகேறி யாழ்ப்பாணம் போய்விடுகிறார்கள். "லீவுக்குள்ளை இந்த உயர்கணித ஒன்லைன் கோர்ஸை முடியுங்கோ, தையிலை இஞ்சையே வகுப்புத் தொடங்குவம்" என்றார் பள்ளிக்கூட அதிபர். அவளும் லீவு முழுக்க லப்டொப்போடு மாடியில் இருந்தாள். சிக்னல் அங்கேதான் வருகிறது — சிரித்தவர்கள் கவனிக்க!

கடைசிச் சோதனை ஞாயிறு காலை. யாழ்ப்பாணத்தில் அவளுடைய தமக்கை வீட்டிலிருந்து எழுதுவதாக ஏற்பாடு. சோளகக் காற்று எழும்பிப் படகு நின்றுபோனது. இனி மாடிதான் கதி. அன்றைக்குப் பார்த்து, கோயிலில் எங்கள் குடும்பத்தின் திருவிழா.

"மைக் திறந்திருக்கும் மாமா. வெளியிலை சத்தம் கேட்டால் சோதனையை நிப்பாட்டிப் போடுவினம்."

கோயில் லவுட்ஸ்பீக்கர் கட்டியிருந்த பனை எங்கள் மாடிக்கு நேரெதிர். குழாயை இந்தப் பக்கம் திருப்பச் சொன்னது யார்? நான்தான்! 'இன்றைய திருவிழா உபயகாரர்...' என்று என் பெயரைச் சொல்லும்போது வீட்டில் கேட்க வேண்டாமா? ஒரு வருசம் காத்திருப்பது அதற்குத்தானே?

கோயில் தலைவரிடம் போனேன். "ரெண்டு மணித்தியாலம் லவுட்ஸ்பீக்கரை நிப்பாட்டும்."

"என்ன அண்ணை, உங்கடை திருவிழாவிலை உங்கடை பேரைச் சொல்ல வேண்டாமோ? சத்தத்துக்கு உபயம் போட்ட ஆக்களைக் கண்டிருக்கிறன். சத்தம் போடாமல் இருக்க உபயம் போடுற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்!"

"கண்டிட்டீர்தானே. நிப்பாட்டும்."

மேளம் கோயிலுக்குள் அடங்கியது. கனடாவில் நேரலை பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி போன் எடுத்தான். "அண்ணை, ஒண்டும் கேக்கேல்லை. உங்கடை பேர் சொல்லீட்டினமோ?"

"வையடா போனை!"

பன்னிரண்டு மணிக்கு மருமகள் கோயில் வாசலுக்கே ஓடிவந்தாள். "எல்லாம் எழுதினனான் மாமா!"

தலைவரைப் பார்த்துக் கையைக் காட்டினேன். லவுட்ஸ்பீக்கர் அலறியது... என் பெயரோடு.

போன கிழமை முடிவு வந்தது. பாஸ், அதுவும் அதிதிறமைச் சித்தி! தையில் வகுப்பு உறுதி. பிள்ளைகள் இப்போதே பெயர் கொடுக்கிறார்கள். இனி எங்கள் பிள்ளைகள் கணிதத்துக்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை.

அதிபர் கூட்டம் வைத்துப் பாராட்டினார். மருமகளின் உழைப்பு, மகனின் ஒத்துழைப்பு, இன்டர்நெட்டின் மகிமை... எல்லாம் சொன்னார். அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பற்றி? ஒரு சொல் இல்லை!

கோயில் ரியூப்லைட்டில், வெளிச்சத்தையே மறைத்துக்கொண்டு உபயகாரர் பெயர் எழுதுகிற ஊர் இது. அந்த வகுப்பறைக் கரும்பலகையின் மூலையிலும் 'உபயம்' என்று போட்டு என் பெயரை எழுதுங்கள்.

பெயின்டால் எழுதுங்கள். சோக்கால் எழுதினால் அழித்துவிடுவார்கள்.