என்டர் விசையில் ஒட்டிய கரி

ஹட்டனில் நாங்கள் வேலை பார்த்த தேயிலைத் தோட்ட அலுவலகத்துக்கு எண்பதுகளின் கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அதன் என்டர் விசையில் கரி ஒட்டியிருக்கும். கூட வேலை பார்த்த அக்காவின் சுட்டுவிரல் கரி அது. அடுப்பு வேலையை முடித்துவிட்டுக் கை கழுவக்கூட நேரமில்லாமல் ஓடி வருகிறார் என்று நினைத்துக்கொண்டு, எரிச்சலோடு துடைப்பேன்.

தினமும் பறிக்கும் கொழுந்தின் நிறையைப் பதிய ஸி என்ற கம்ப்யூட்டர் மொழியில் இருவரும் ஒரு புரோகிராம் எழுதியிருந்தோம். கொழுந்து குறைந்த மாதங்களில் சொன்னபடி கேட்டது. மழைக்குப் பிறகு கொழுந்து குவியத் தொடங்கியதும் பைத்தியம் பிடித்தது போல் என்னென்னவோ எண்களைக் கக்கியது. நிறைகளை வரிசையாகப் போட்டுவைக்க மிசினின் நினைவகத்தில் கொஞ்சம் இடம் வாங்கியிருந்தோம். போதாவிட்டால் கூடுதல் இடம் கேட்கவும் எழுதியிருந்தோம். அப்புறம் என்ன கேடு என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

அக்காதான் கண்டுபிடித்தார். "பக்கத்துல எடம் காலி இல்லேன்னா, மிசின் வேற எடத்துல பெரிசாப் பாத்து எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிருதுங்க. புது விலாசத்தையும் குடுக்குது. நாம ஒரு எடத்துல மாத்திட்டு, இன்னொரு எடத்துல பழசையே வச்சிருக்கோம். அங்க இப்ப வேற யாரோ இருக்காங்க." சொல்லி முடிக்கும்போதே அழுதுவிட்டார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. உடப்புசல்லாவையில் அவர்கள் குடும்பம் தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒரே அறையில் இருந்தது. அண்ணன் கல்யாணத்துக்குப் பிறகு பக்கத்து அறையைக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. வட்டவளைத் தோட்டமொன்றில் இரண்டு அறை கிடைக்க, சட்டிபானையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதற்கு முன்பே வேலை தேடி வடக்கே வன்னிப் பக்கம் போன தம்பிக்குச் சொல்லத்தான் வழியில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது. பழைய லயம் முழுக்க இப்போது புது ஆட்கள். அதனால் அக்கா மாதத்தில் ஒரு ஞாயிறு ரயிலில் நானுஓயா போய், பஸ் மாறி மாறிப் போய், பழைய கதவில் கரியால் வட்டவளை விலாசத்தை எழுதிவிட்டு, திங்கள் காலை நேரே அலுவலகத்துக்கு வருவார். மழை அழித்துவிடும். மறுபடி போவார். அதைக் கேட்ட எனக்கே கால் வலித்தது.

புரோகிராமை ஒரு மத்தியானத்தில் சரிசெய்துவிட்டோம். இடம் மாறும்போதெல்லாம் பழைய விலாசம் வைத்திருக்கும் எல்லாருக்கும் புதியதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். கொழும்பு அலுவலகத்துக்கு வரச்சொல்லி இருவரையும் கேட்டார்கள். நான் போனேன்.

"நானும் அவ்ளோ தூரம் போயிட்டா கதவுல யாருங்க எழுதுறது?" என்றார் அக்கா.

எனக்கு இப்போது ஓய்வு. வாழ்நாளெல்லாம் மிசினுக்குள் விலாசம் மாற்றியே களைத்துப் போனேன். போன மாதம் உடப்புசல்லாவைப் பக்கம் போக நேர்ந்தது. விசாரித்து அந்த லயத்தைக் கண்டுபிடித்தேன். கதவுக்கு யாரோ பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதன் மேல் வட்டவளை விலாசம். தொட்டுப் பார்த்தேன். கரி விரலில் ஒட்டியது.