கதவில் இருந்த பெயர்

மோகனூர் சாலை டீக்கடை அருகே நின்றிருந்த லாரியின் சொந்தக்காரர் அவர். நரைத்த மீசை, கிரீஸ் ஏறிய விரல்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த என்னிடம் பேசும்போதெல்லாம் துண்டால் லாரிக் கதவைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சென்சார் போச்சுன்னு வெளிய வாங்கி மாட்டுனனுங்க. கம்பெனி சாமான் இல்லீன்னு வண்டி ஸ்டார்ட்டே ஆவ மாட்டீங்குது. அவிய ஆளு லேப்டாப்போட வந்து லாக்கை எடுத்துவுடோணுமாமுங்க. மூணு நாளாச்சு."

"வண்டி உங்குளுதுதானுங்களே?" என்று கேட்டுவிட்டேன்.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. கதவில் மஞ்சள் பெயின்ட்டில் 'உரிமையாளர்' என்றும் அதன்கீழ் அவர் பெயரும் எழுதப்பட்டிருந்தன. ஸ்பேனர் முனையால் பெயரை மட்டும் மெல்லச் சுரண்டினார்.

"பெயின்டரை வரச் சொல்லியிருக்கறனுங்க. கம்பெனிக்காரவிய பேரையே எழுதிப்போடலாம்."

பஸ் ஏறித் திரும்பிப் பார்த்தேன். பெயர் போன இடத்தையும் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.